ரத்தத்தில் எழுதிய குற்றம்

1876இல் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டையும் முகவெட்டையும் வைத்தே கண்டுகொள்ளலாம் என்று நூல் எழுதினார். இந்தியாவில் ஆங்கிலேய அரசு அவரை முந்திக்கொண்டது. தச்சன் மகன் தச்சன், திருடன் மகன் திருடன் என்ற வாதத்தோடு 1871இலேயே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது.

1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர்கள் அதில் சிக்கிய கதை விசித்திரமானது. மாடு, கழுதைகளின் மேல் உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் அவர்கள். உப்பு வணிகத்தை அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்தது. மிச்சத்தை ரயில் எடுத்துக்கொண்டது. பிழைப்பைப் பறித்த அரசே, இவர்கள் தொழிலின்றி அலைகிறார்கள் என்று பதிவேட்டில் ஏற்றியது. குற்றத்தின் வேர் வறுமையிலா, ரத்தத்திலா என்று ஐரோப்பிய அறிஞர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்த காவல் நிலையங்களுக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை.

இதே சட்டத்தின்கீழ் மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர் சமூகத்தாரிடமும் கைரேகை கேட்டார்கள். அவர்களது ஊரான பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே காவலர்கள் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிய 1952 ஆனது.