பாறைக்காந்தத்தில் தகைவின் விளைவு

பாறையை அமுக்கும்போதும் இழுக்கும்போதும் அதனுள் எழும் தகைவால் அதன் காந்தப் பண்புகளில் ஏற்படும் மாற்றம். புறக்காந்தப் புலத்துக்கு இணங்கும் ஏற்புத்திறன், பாறையில் முன்பே தங்கியிருக்கும் எஞ்சிய காந்தம் ஆகிய இரண்டும் இதில் மாறுகின்றன. அமுக்கும் திசையில் ஏற்புத்திறன் குறையும். அதற்குச் செங்குத்தான திசையில் கூடும். மேக்னடைட் கலந்த தீப்பாறைகளில் ஒரு மெகாபாஸ்கல் தகைவுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் காணப்படுகிறது. மேக்னடைட் துகள்களுக்குள் ஒரே திசையில் காந்தமேறிய சிறு களங்கள் உள்ளன. தகைவு படிக அமைப்பைச் சற்றே உருக்குலைக்க, களங்களின் எல்லைகள் நகர்ந்தோ காந்தத் திசை திரும்பியோ இம்மாற்றம் நிகழ்கிறது. 580° செல்சியசுக்கு மேல் மேக்னடைட் தன் காந்தத்தை இழந்துவிடுவதால் ஆழத்துச் சூடான பாறைகளுக்கு இதில் பங்கில்லை.

தொடக்க காலம்

வில்லியம் கில்பர்ட் 1600இல் வெளியிட்ட ‘டி மக்னெத்தே’ நூலில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை வடக்கு தெற்காகப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தால் அது காந்தமாகும் என்கிறார். பட்டறைக்கல்லின் முன் நிற்கும் கொல்லரும், இருபுறமும் இலத்தீனில் குறித்த திசைப்பெயர்களுமாக ஒரு படமும் அதில் உண்டு. காந்தமேற்றிய இரும்பின் நீளம் மாறுவதை ஜூல் 1842இல் கண்டார். இழுவிசையால் இரும்பின் காந்தம் மாறும் என்பதை எமிலியோ வில்லாரி 1865இல் காட்டினார். இவை யாவும் உலோகத்தில் செய்தவை.

மீனோ-ஓவாரி நிலநடுக்கம்

பாறைக்கும் இதைப் பொருத்திப் பார்க்க இடந்தந்தது, 1891 அக்டோபர் 28 அன்று நடு ஜப்பானில் 7,000 பேருக்கு மேல் உயிரிழந்த நிலநடுக்கம். 1887இல் அந்நாட்டில் காந்த அளவாய்வு நடந்திருந்தது. அதில் பங்குகொண்ட தனகதாத்தே ஐகித்சு, நகஓகா ஹன்தாரோவுடன் அப்பகுதியை மீண்டும் அளந்தார். சமகாந்தக் கோடுகள் (ஒரே காந்த மதிப்புள்ள இடங்களை இணைப்பவை) இடம்பெயர்ந்திருப்பதாக இருவரும் 1893இல் அறிவித்தனர். அக்காலக் கருவிகளின் துல்லியம் இம்முடிவைத் தாங்குமா என்பது பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. இவ்விருவருள் தனகதாத்தே, ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் எழுத வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். நகஓகா, சனிக்கோளை ஒத்த அணு மாதிரியை 1904இல் முன்வைத்தவர். அடுத்த அரை நூற்றாண்டில் இத்துறையில் சிதறலான குறிப்புகளே உள்ளன.

ஆய்வுக்கூடக் காலம் (1952–1970)

மாஸ்கோவில் கலாஷ்நிகோவும் செர்கேய் கபீத்சாவும் பாறை மாதிரிகளை அமுக்கி, ஏற்புத்திறன் மாறுவதை 1952இல் வெளியிட்டனர். இந்தக் கபீத்சா, இயற்பியலர் பியோத்தர் கபீத்சாவின் மகன்; பிற்காலத்தில் சோவியத் தொலைக்காட்சியில் அறிவியல் நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்றவர்.

நான்கு ஆண்டுகளில் இது பெரும் விவாதத்துக்குள் இழுக்கப்பட்டது. பாறையில் தங்கிய காந்தத்தின் திசையைக் கொண்டு துருவங்களும் கண்டங்களும் நகர்ந்த வரலாற்றை எழுத முனைந்த காலம் அது (காண்க: தொல்காந்தவியல்). பூமிக்குள் நெடுங்காலம் அழுத்தத்தில் இருந்த பாறையை வெட்டி எடுத்ததும் அழுத்தம் நீங்கிக் காந்தத் திசை மாறிவிடலாமே என்று 1956இல் வாஷிங்டன் கார்னெகி நிறுவனத்தின் ஜான் கிரஹாம் கேட்டார். காந்தத்தின் பழமையை மடிப்புப் பாறைகளைக் கொண்டு சோதிக்கும் முறையை 1949இல் இதே துறைக்குத் தந்தவரும் அவரே.

ஆஸ்திரேலியாவில் ஸ்டாட்டும் பிராங்க் ஸ்டேசியும் இதைச் சோதித்தனர். தீப்பாறைகளைச் சூடாக்கி, பளு ஏற்றிய நிலையிலேயே புலத்தில் குளிரவைத்து, பின்பு பளுவை நீக்கி அளந்தனர். எல்லாத் திசையிலும் ஒரே பண்புடைய பாறைகளில் காந்தம் புலத்தின் திசையிலேயே நின்றது. தொல்காந்த அளவீடுகள் பொதுவாக நம்பத்தக்கவை என்ற கருத்து இதனால் வலுப்பட்டது. திசைக்குத் திசை பண்பு வேறுபடும் பாறைகளுக்கு இது முழுமையாகப் பொருந்தாது.

டோக்கியோவில் நகதா தகேஷியின் குழு, புலத்தில் அமுக்கி விடுவிக்கும் பாறை புதிய எஞ்சிய காந்தம் பெறுவதையும், புலமில்லாமல் அமுக்கினால் இருந்த காந்தத்தில் ஒரு பகுதி அழிவதையும் விரிவாக ஆராய்ந்தது. புலத்தையும் பளுவையும் எந்த வரிசையில் ஏற்றி இறக்கினோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். அவ்வரிசையை எழுத்துகளும் கூட்டல் குறிகளும் சுழியங்களுமாக ஒரே வரியில் எழுதும் குறியீட்டை நகதா கையாண்டார். எந்தச் சோதனை எப்படி நடந்தது என்பதை அந்த வரியிலேயே படித்துவிடலாம். 1956–57இல் ஜப்பானின் முதல் அண்டார்க்டிகா ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

களத்தில்

புவிக்காந்தப் புலம் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை. நிலநடுக்கத் தகைவால் அதில் எதிர்பார்க்கத்தக்க மாற்றம் பெரும்பாலும் சில நானோடெஸ்லாவே. புரோட்டான் காந்தமானி வந்த பிறகே இதை நம்பிக்கையோடு அளக்க முடிந்தது. ரிகிதாகே த்சுனேஜி 1968இல், நிலநடுக்கத்தோடு தொடர்புபடுத்தி அறிவிக்கப்பட்ட காந்த மாற்றங்களை ஆண்டு வாரியாக வரைந்து பார்த்தார். பழைய அறிக்கைகளில் நூற்றுக்கணக்கான நானோடெஸ்லாவாக இருந்த அளவு, கருவிகள் திருந்தத் திருந்தப் பத்தாகச் சுருங்கிவருவது தெரிந்தது. பழைய அறிக்கைகளில் பலவற்றை அளவீட்டுப் பிழை எனக் கொள்ள இவ்வரைபடம் காரணமாயிற்று.

ஆஸ்திரேலியாவின் டால்பிங்கோ அணையில் நீர் நிரம்பியபோது, நீரின் எடையால் ஏற்பட்ட காந்த மாற்றம் 1970களின் தொடக்கத்தில் அளக்கப்பட்டது. கலிபோர்னியாவில் 1992 லாண்டர்ஸ் நிலநடுக்கத்தின்போது (உந்தத்திறன் ஒப்பளவில் 7.3) இரு நிலையங்களில் 1 நானோடெஸ்லா அளவிலான மாற்றம் பதிவாகி, கணக்கிட்ட மதிப்போடு ஒத்துவந்தது.

நிலநடுக்கத்துக்கு முன்னரே காந்த அறிகுறி தோன்றுமா என்பது முடிவாகவில்லை. கலிபோர்னியாவின் 1989 லோமா பிரியெட்டா நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்பு, கொராலிடோஸ் நிலையத்தில் தாழ் அதிர்வெண் காந்த அலைகள் பெருகியதாக அறிவிக்கப்பட்டது. அது கருவிக் கோளாறாகலாம் என்று 2009இல் வெளியான மறுஆய்வு கருதியது. இதை எல்லாரும் ஏற்கவில்லை. அம்மாநிலத்துப் பார்க்பீல்டில் 2004இல் நிலம் நடுங்கியபோது சிறு மாற்றம் பதிவாயிற்று. முன்னறிகுறி ஏதும் தெரியவில்லை.

அண்மைக் காலம்

விண்கல் மோதலின் அதிர்ச்சி பாறைக்காந்தத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பது இப்போது ஆராயப்படுகிறது. 1997இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம், ஹெல்லாஸ், ஆர்கைர் மோதல் வடுக்களில் காந்தம் மிகக் குறைவாக இருப்பதைக் காட்டிற்று. மோதலே காந்தத்தை அழித்தது என்பாரும், மோதல் நிகழுமுன்பே அக்கோளின் காந்தப்புலம் ஓய்ந்திருந்தது என்பாரும் உளர்.