தீப்பொறியும் மூடிய பெட்டியும்

பினாங்குச் சாலையும் சூலியா தெருவும் கூடும் இடத்தில், தார்ச் சாலையின் நடுவே பழைய தண்டவாளத்தின் சிறு பகுதி இன்றும் காணக் கிடைக்கிறது. 1906ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ் டவுன் நகரில் ஓடிய மின்சார டிராம் வண்டிகளின் எச்சம் அது. 1925இல் அதே நகரத்தில், மேலே கட்டிய கம்பிகளைப் பற்றிக்கொண்டு ஓடும் டிராலி பேருந்துகள் வந்தன. 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலி பேருந்தும் நின்றது. மின்சாரத்தால் நகரும் வண்டியை இத்தீவு மக்கள் இவ்வாறு அரை நூற்றாண்டுக்கு மேல் கண்டு பழகியிருந்தனர். அவ்வண்டிகளில் கோளாறு நேர்ந்தால் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்தது. பேருந்தின் உச்சிக் கம்பம் மேற்கம்பியை விட்டு விலகினால் வண்டி நின்றது. நீண்ட கழியால் அதனை மீண்டும் மாட்டினால் வண்டி நகர்ந்தது. காரணமும் காரியமும் ஒரே பார்வையில் அடங்கின.

மோட்டார் வண்டியின் கதை வேறு. பெட்ரோலால் ஓடும் வண்டிக்கு மின்சாரம் உணவன்று, தீக்குச்சி. உருளைக்குள் அழுத்தப்பட்ட காற்றையும் எரிபொருள் ஆவியையும் உரிய கணத்தில் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும், அவ்வளவே. ஆனால் அந்த 'அவ்வளவே' எளிதன்று. நான்கு உருளைகளைக் கொண்ட இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், நொடிக்கு 100 பொறிகள் தேவைப்படுகின்றன. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் 1886இல் பட்டறை தொடங்கிய ராபர்ட் போஷ் என்பாரின் புகழ் இப்பொறியில் பிறந்ததே. அவருடைய பணிமனையைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்ட், 1902இல் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங், மின்கலம், கம்பிச்சுருள், தொடுமுனை ஆகிய மூன்றையும் இணைத்து வேறொரு வழி கண்டார். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் வண்டியில் மின்தொடக்கியையும் சேர்த்தார். அவர் கண்ட வழியே அறுபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உலகெங்கும் நிலைபெற்றது. தமிழர் வேலை செய்த மோட்டார் பட்டறைகளில் அன்றாடம் ஒலித்த பிளக்கு, காயில், பாயிண்டு, கண்டென்சர் என்னும் நான்கு சொற்களும் அவ்வழி கொணர்ந்து சேர்த்த சொற்களே ஆகும்.

மலாயாச் சாலைகளில் அந்நாளில் மிகுதியாகக் காணப்பட்ட ஆஸ்டின், மோரிஸ் வண்டிகளின் மின்கருவிகளைப் பெரும்பாலும் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனம் செய்தளித்தது. விளக்கு அணைந்து நடுவழியில் நின்றவர்கள், அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜோசப் லூக்காஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி பேசினர். அக்கேலி முழுவதும் நியாயமானதன்று. வண்டியில் மின்னோட்டம் மின்கலத்திலிருந்து ஒரு கம்பி வழியே செல்கிறது; திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி இல்லை; இரும்பு உடலே திரும்பும் வழி. இதனைப் பட்டறையில் 'எர்த்' என்பர். கம்பி உடலோடு முடுக்கப்பட்ட இடத்தில் துருவோ களிம்போ படிந்தால், விளக்கும் நல்லது, மின்கலமும் நல்லது. ஆயினும் ஒளி வராது. உப்புக் காற்றும் ஈரமும் ஓயாத தீவொன்றில் இக்கோளாறு எத்துணை எளிதில் நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் தடித்த பின்னல்கம்பி அறுந்துவிட்டால், தொடக்கி இழுக்கும் பெருமின்னோட்டம் வேறு வழி தேடும். முடுக்கி மிதியிலிருந்து செல்லும் மெல்லிய கம்பியே அவ்வழியாகிச் சூடேறிப் புகைவதும் உண்டு. புகையைக் கண்டவர் முடுக்கிக் கம்பியை மாற்றுவார். அது மீண்டும் புகையும்.

இதிலே இன்னொரு சிக்கலும் இருந்தது. 1960களின் நடுப்பகுதி வரை, பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த வண்டிகளில் எதிர்முனை. இவ்வேறுபாட்டை அறியாமல் பழைய மோரிஸ் வண்டியில் புதிய டிரான்சிஸ்டர் வானொலியைப் பொருத்தியவர் அதன் முதற்பாட்டைக் கேட்பதற்குள் அதனை இழந்தார். இன்று அவ்வண்டிகளை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது வண்ணப்பூச்சை அன்று. மின்கலத்தின் எம்முனை உடலைத் தொடுகிறது என்பதையே.

அக்காலத்துப் பட்டறைக்காரரின் ஆய்வுமுறை எளியது, ஆயினும் ஒழுங்குடையது. பிளக்குக் கம்பியைக் கழற்றி இரும்புக்கு அருகே பிடித்து, இயந்திரத்தைச் சுழற்றச் செய்வார். நீலப்பொறி பாய்ந்தால் மின்சாரத்தில் குறையில்லை, எரிபொருளைப் பார்ப்பார். பொறி வரவில்லையெனில் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்வார்: சுருள், தொடுமுனை, கண்டென்சர், சாவி, மின்கலம். ஒரு சிறு விளக்கில் இரண்டு கம்பிகளை இணைத்தால் அதுவே சோதனைக் கருவி. தேய்ந்த தொடுமுனையை அரத்தால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தால் வண்டி ஓடியது. அருகில் நின்ற இளைஞன் பார்த்துக் கற்றான். பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது என்பதே இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நிலையை மாற்றியது பட்டறைக்குள் எழுந்த தேவையன்று; லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வானில் தேங்கிய நச்சுப்புகை. அப்புகைக்கு மோட்டார் வண்டிகளே பெருங்காரணம் என்பதை 1950களில் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் நிறுவினார். கலிஃபோர்னியாவும், 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தால் அமெரிக்கா முழுவதும், வண்டிகளின் புகைக்கு வரம்பு விதித்தன. கார்புரேட்டர் என்னும் கலவைக் கருவியால் அவ்வரம்புக்குள் நிற்பது கடினமாயிற்று. எரிபொருளை மின்னணுக் கருவியால் அளந்து தெளிக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. பெண்டிக்ஸ் நிறுவனத்தின் 'எலக்ட்ரோஜெக்டர்' 1957இல் அறிவிக்கப்பட்டு, 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் சில வண்டிகளில் பொருத்தப்பட்டது. இயந்திர அறையின் வெப்பத்தையும் அதிர்வையும் அக்காலத்து மின்னணுக் கருவிகள் தாங்கவில்லை. பொருத்தியவற்றுள் பெரும்பாலானவற்றைக் கழற்றி மீண்டும் கார்புரேட்டரையே மாட்டினர். அதன் காப்புரிமையைப் பெற்ற போஷ் நிறுவனம், 1967இல் அமெரிக்கச் சந்தைக்குரிய வோல்க்ஸ்வேகன் 1600 வண்டியில் 'டி-ஜெட்ரானிக்' முறையைக் கொணர்ந்தது. 1979இல் பி.எம்.டபிள்யூ வண்டியில் வந்த 'மோட்ரானிக்', பொறியின் நேரத்தையும் எரிபொருளின் அளவையும் ஒரே கணினியின் ஆளுகைக்குள் கொணர்ந்தது. 1983இல் ஃபோர்டு நிறுவனத்தின் நான்காம் தலைமுறைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வெளிவந்தது. அதற்குள் இருந்த 8061 என்னும் சில்லு இன்டெல் நிறுவனத்தின் படைப்பு.

இன்டெல், போஷ் என்னும் இவ்விரு பெயர்களும் பினாங்கு மக்களுக்குப் புதியவையல்ல. 1969இல் இத்தீவு தன் தடையிலாத் துறைமுக உரிமையை இழந்தது. வாணிபம் தளர்ந்தது, வேலையற்றோர் தொகை பெருகியது. அவ்வாண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ தொழிற்சாலைகளை நாடினார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையிலா வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, லிட்ரோனிக்ஸ், கிளாரியன், போஷ் ஆகிய எட்டு நிறுவனங்கள் முன்னோடிகளாக வந்தன. நெல்வயலாக இருந்த நிலத்தில் எழுந்த இன்டெல் தொழிற்சாலை, அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை. 1975இல் அது தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. அங்கெல்லாம் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லின் முனைகளில் ஒட்டியவர்கள் பெரும்பாலும் கம்பங்களிலிருந்தும் நகரின் எளிய குடும்பங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள். வண்டிகளின் மூளைக்குரிய தொழில் இவ்வாறு தீவின் தென்கிழக்கில் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், வடகிழக்கில் ஜார்ஜ் டவுன் பட்டறைகளில் தொடுமுனையை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தனர். இரண்டிற்கும் இடையே பத்து மைல் கூட இல்லை. ஆனால் ஒன்றின் அறிவு மற்றொன்றுக்கு எட்டவில்லை.

1985 சூலையில் முதல் தேசிய வண்டியான புரோட்டோன் சாகா வெளிவந்தது. அடுத்த மாதம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, பிரதமர் டாக்டர் மகாதீர் அவ்வண்டியிலேயே பாலத்தைக் கடந்தார். மித்சுபிசி இயந்திரம் பூண்ட அந்த முதல் சாகாவில் இருந்தது கார்புரேட்டரே. பழைய பட்டறைக்காரர் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை. 1993இல் வந்த வீராவிலோ, எரிபொருள் தெளிப்பும் கணினியும் சில வகைகளில் இடம்பெற்றன. அன்று முதல் சாலையோரப் பட்டறைகளில் புதியதொரு தயக்கம் குடிபுகுந்தது எனலாம்.

தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. பல ஆண்டுகள் கைகொடுத்த சோதனை விளக்கு இப்போது கேடு விளைப்பதாயிற்று. அது ஈர்க்கும் மின்னோட்டம் கணினியின் நுண்சுற்றுகளுக்கு மிகையானது. உள்ளெதிர்ப்பு மிகுந்த எண்காட்டி அளவுமானியே அங்கே பொருந்தும். பொறியைப் பார்த்து நோயைச் சொன்னவருக்கு, 5 வோல்ட்டுக்கும் சுழியத்துக்கும் இடையே ஏறி இறங்கும் அளவுகள் எதையும் காட்டவில்லை. ஆகவே கோளாறு என்றவுடன் 'கணினி போய்விட்டது' என்று கூறும் வழக்கம் பெருகிற்று. வண்டிக்காரர் பெருந்தொகை கொடுத்து வேறு பெட்டி வாங்குவார், அல்லது வண்டியையே பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவார். உண்மையில் பழைய வண்டிகளில் இறுதியாகச் சந்தேகிக்க வேண்டிய உறுப்பு கணினி. அதற்கு முன் மின்கலம், எர்த் இணைப்பு, உருகி, கம்பிமுனைகள், உணரிகள் எனப் பல உள்ளன. ஓய்வில் நிற்கும் நல்ல மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடுகையில் அது 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். இவ்விரண்டு எண்களையும் பாராமல் பெட்டியைக் கழற்றுவது, நாடி பாராமல் அறுவைக்குக் கத்தி எடுப்பதை ஒக்கும்.

கணினியைச் செய்தவர்கள் அது பேசுவதற்கும் வழி வைத்திருந்தனர். 1981ஆம் ஆண்டின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பன்னிரண்டு துளைகளுடைய ஒரு செருகி இருந்தது. அதன் இரண்டு துளைகளைச் சிறு கம்பியால் இணைத்து, இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், முகப்பில் உள்ள எச்சரிக்கை விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, இருமுறை சிமிட்டினால் 12 என்று பொருள். சுழற்சிக் குறிப்பு வரவில்லை என்பதே அதன் செய்தி. இயந்திரம் ஓடாதபோது அது இயல்பு. ஆகையால் கணினி உயிரோடிருக்கிறது என்பதற்கும் அதுவே சான்று. மித்சுபிசி வண்டிகளில் முள்காட்டும் வோல்ட்மானியை இணைத்தால், முள் நீண்டும் குறுகியும் ஆடி எண் சொல்லும். நீண்ட ஆட்டம் பத்து; குறுகிய ஆட்டம் ஒன்று. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. 1996இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஒரே வகைச் செருகியும் ஒரே வகைக் குறியீடும் கட்டாயமாயின. அதற்கு முந்திய வண்டிகளிலோ நிறுவனத்திற்கு ஒரு மொழி.

எண் கிடைத்தவுடன் வேலை முடிந்ததாகக் கொள்வது அடுத்த பிழை. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் உணரியை எடுத்துக்கொள்வோம். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். கம்பி அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகும். கணினியோ, வெளியே உறைபனி பொழிகிறது என்று கருதும். பினாங்கின் நண்பகல் வெயிலில் நிற்கும் வண்டிக்கு, பனிநாட்டு விடியலுக்குரிய எரிபொருளை அது அள்ளிக் கொடுக்கும். கரும்புகை எழும், பிளக்குகள் கரிபடியும். குறியீட்டைப் படித்தவர் உணரியை மாற்றுவார். புகை நிற்காது. ஏனெனில் கணினி குறை கூறியது உணரியை அன்று, அதன் சுற்று முழுவதையும். செருகியின் உள்ளே பச்சையாய்ப் படிந்த களிம்பு, உரசித் தேய்ந்த கம்பி, தளர்ந்த ஊசி ஆகியவையும் அச்சுற்றைச் சேர்ந்தவையே. பழைய பட்டறைக்காரர் பொறியிலிருந்து பின்னோக்கிச் சென்ற அதே ஒழுங்கு இங்கும் தேவைப்படுகிறது. எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு இட்டுவிட்டு, மாணவன் அதனை ஏன் செய்தான் என்று கேளாத ஆசிரியரும் இந்த உணரியை மாற்றுபவரும் ஓரினம்.

எல்லாவற்றையும் சோதித்த பின்னரும் குறை நீங்காவிடில் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட மித்சுபிசிக் கணினிகளில் பலவற்றுக்கு ஒரே நோய். உள்ளே உள்ள சிறு உருளை வடிவ மின்தேக்கிகள் முதுமையால் கசிந்து, அந்நீர் பலகையின் செப்புக் கோடுகளை அரிக்கும். வண்டி சில நாள் நன்றாக ஓடும். சில நாள் கிளம்பாது. சில்லுக்கு ஒன்றும் நேர்ந்திராது. கெட்டது, கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மின்தேக்கி. பற்றாசுக் கோல் பிடிக்கத் தெரிந்த கை அதனை எடுத்துவிட்டு, பலகையைத் துடைத்து, அரிபட்ட கோட்டுக்கு மேல் மெல்லிய கம்பி ஓட்டிப் புதியதை ஒட்டிவிடும். நான்கு திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கிய கணத்தில் எழும் மீன்வாடையைக் கொண்டே, அளவுமானியைத் தொடுமுன் இந்நோயைச் சொல்லிவிடுகிற பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.