தாலாட்டு முதல் கும்மி வரை



ஒருநாள் மாலை வகுப்பு வாசலில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு ஆட்டமும் பாட்டும் எதுக்குங்க? அந்த நேரத்துல ரெண்டு எழுத்து கூடச் சொல்லிக் குடுக்கலாமே?"

கேட்டதில் தவறில்லை. விடியுமுன் வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைப்பவரின் கவலை அது. அன்று நின்ற நிலையில் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மலரில் சொல்கிறேன். பதில் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது.

பெரியாழ்வார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணனைக் குழந்தையாக வைத்துத் தாலாட்டினார், கைதட்ட அழைத்தார், தளர்நடையையும் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடினார்.

பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து. அவற்றின் வரிசையைக் கவனியுங்கள். கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. அது ஐந்தாம் மாதத்தை ஒட்டியது. பிறகு தாலாட்டு. ஒன்பதாம் மாத வாக்கில் சப்பாணி, அதாவது கைகொட்டுதல். ஓராண்டு நிரம்பும் வேளையில் வாரானை, 'நடந்து வா' என்று அழைப்பது. ஆண்பிள்ளைக்குச் சிறுபறை கொட்டலும் சிறுதேர் உருட்டலும் பின்னால் வரும். பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். பிள்ளை வளர வளர எந்த அசைவு, எந்தப் பாட்டு என்று நம் முன்னோர் கவனித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

மேல்நாட்டிலும் இதே எண்ணம் பிறந்தது. ஜெர்மனியில் பிரோபல் என்ற ஆசிரியர் தாம் தொடங்கிய சிறுவர் பள்ளிக்கு 1840இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். 1844இல் தாய்மார் பிள்ளைகளுடன் பாடி விளையாடுவதற்கென்றே ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார்.

விஞ்ஞானம் சொல்வது என்ன? 2005இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒரு தாளத்தைக் கேட்கவிட்டனர். சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும், சிலரை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் தூக்கி ஆட்டினர். பிறகு, தன்னை எப்படி ஆட்டினார்களோ அந்தத் தாளத்தையே ஒவ்வொரு குழந்தையும் அதிக நேரம் கேட்டது. பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. உடம்பு ஆடினால்தான் காது பழகுகிறது!

இனி நம் தோட்டத்துக் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1910இல் அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மாருக்குத் தாலாட்டு தெரிந்திருந்தது. அவர்கள் பெரட்டுக்குப் போன பிறகு, ஆயாக் கொட்டகையில் சேலைத் தொட்டில்களை ஆட்டிக்கொண்டே ஆயாம்மா பாடினார். அதுதான் நம் பிள்ளைகளின் முதல் பள்ளிக்கூடம்.

இப்போது தொட்டில் பக்கத்தில் கைப்பேசி பாடுகிறது. அது பிள்ளையைத் தூக்கி ஆட்டுமா? பிள்ளை சிரித்தால் திரும்பிச் சிரிக்குமா?

முன்பு என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. பேர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். கும்மி வட்டத்தில் நிறுத்தினேன். கை மட்டும் தாளத்துக்குச் சரியாக விழுந்தது. சில நாளில் உதடு அசைந்தது. பிறகு சொற்களைத் தட்டிக் காட்டினேன்: 'ப‑ற‑வை' என்றால் மூன்று தட்டு, 'ம‑ரம்' என்றால் இரண்டு. ஒலி பிரிவது காதுக்குப் பிடிபட்டதும் எழுத்தும் பிடிபட்டது. தவணை முடிவில் எழுத்துக்கூட்டிப் படித்தான். எல்லாம் பாட்டினால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூட்டிய வாயை முதலில் திறந்தது பாட்டுத்தான்.

ஆகவே அம்மா, நீங்கள் கேட்ட அந்த 'ரெண்டு எழுத்து' பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், தெரியும். இருந்தாலும் இரவில் பத்து நிமிடம் பிள்ளையை மடியில் வைத்துக் கைதட்டிப் பாடுங்கள். அப்பாக்களும் பாடலாம்! குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு அதைவிட நல்ல குரல் உலகத்தில் கிடையாது.