ஆஞ்சியோகிராமுக்கு டிமிக்கி கொடுத்த ரத்தக்குழாய் முடிச்சுகள்

தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "கேவர்னோமா"ன்னு ஒரு வார்த்தை வந்திருக்கா? ராத்திரி முழுக்க கூகுள் பண்ணி தூக்கத்தைக் கெடுத்துக்கறதுக்கு முன்னாடி இந்த த்ரெட்டைப் படிச்சிடுங்க. 40 வருஷத்துக்கு முன்னாடி இதே விஷயத்தை உயிரோடு இருக்கிறவரின் மூளையில் கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு.

கதை லிஸ்பனில் ஆரம்பிக்குது. 1927 ஜூன் மாதம். எகாஸ் மோனிஸ் என்ற போர்ச்சுகல் நரம்பியல் மருத்துவர், கழுத்து ரத்தக்குழாயில் சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். உயிருள்ள மனிதரின் மூளை ரத்தக்குழாய்கள் முதன்முதலாகப் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. சும்மா கிடைத்த வெற்றி இல்லை. அதற்கு முந்தைய முயற்சிகளில் ஒரு நோயாளி இறந்தே போனார்.

(மோனிஸுக்கு 1949இல் நோபல் கிடைத்தது. ஆனா இதுக்காக இல்ல, மூளையின் முன்பகுதி இணைப்புகளை வெட்டிவிடும் அறுவைக்காக! அதை மருத்துவ உலகம் கைவிட்டுடுச்சு. நோபல் வாங்காத ஆஞ்சியோகிராம் இன்னிக்கும் தினம் தினம் நடக்குது.)

ஆஞ்சியோகிராமில் பளிச்சென்று சிக்கியது ஏ.வி.எம். என்கிற கோளாறு. தமனிக்கும் சிரைக்கும் நடுவில் இருக்க வேண்டிய நுண்குழாய்கள் இல்லாமல், இரண்டும் நேரடியாகப் பின்னிக் கிடக்கும். ரத்தம் அதில் வேகமாகப் பாயும். மருந்தும் கூடவே பாயும். படத்தில் தப்பவே முடியாது.

கேவர்னோமா வேற ரகம். மெல்லிய சுவர் கொண்ட சின்னச் சின்ன ரத்த அறைகள், முசுக்கொட்டைப் பழம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ரத்தம் கிட்டத்தட்ட தேங்கிக் கிடக்கும். ஆற்றில் சாயம் கலந்தால் ஓட்டம் தெரியும். ஓரத்துக் குட்டையில் சாயம் போய்ச் சேராது இல்லையா? அதே கதைதான். ஆஞ்சியோகிராம் "நார்மல்" என்று வந்துவிடும்.

1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதன் பிறகு ஏதோ ஒரு வெள்ளைத் திட்டாவது சில பேருக்குத் தெரிந்தது. ஆனால் அது என்ன திட்டு? பல நேரங்களில் மூளைக்கட்டி என்று நினைத்தார்கள். மூளைத்தண்டில் இருக்கும் கேவர்னோமா விட்டு விட்டுக் கசிந்தால், பார்வை இரண்டாகத் தெரிவதும் கை கால் மரத்துப்போவதும் வந்து வந்து போகும். அதை மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று எண்ணியதும் உண்டு. இல்லாத நோயின் பெயரைச் சுமந்துகொண்டு வாழ்வது எவ்வளவு கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க.

இவர்களுக்கு விடை ரத்தத்தின் இரும்பில் இருந்தது.

1845இல் மைக்கேல் ஃபாரடே உலர்ந்த ரத்தத்தைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தார். இரும்பு இருந்தும் காந்தம் அதை இழுக்கவில்லை. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் முடிச்சை அவிழ்த்தார்கள்: ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக விலக்கும், ஆக்ஸிஜனை இழந்ததை இழுக்கும்.

அப்போ எம்.ஆர்.ஐ. கனவில்கூட இல்லை. 1980களில் அது மருத்துவமனைகளுக்கு வந்தபோதுதான் இந்தப் பழைய வேதியியல் கைகொடுத்தது. கேவர்னோமா அடிக்கடி துளித்துளியாகக் கசியும். கசிந்த ரத்தம் சிதைந்து, அதன் இரும்பு ஹீமோசிடரினாக மூளைத் திசுவில் வருஷக்கணக்கில் தங்கும். கிட்டத்தட்ட துருக்கறை! அந்த இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைக்க, அங்கே சிக்னல் அழிந்து கறுப்பு வளையம் விழுகிறது. நடுவில் பாப்கார்ன் மாதிரி வெள்ளையும் கறுப்பும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர மருத்துவர்கள் 1987இல் இந்தத் தோற்றத்தை விவரித்தார்கள். மறுவருடம் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் உறவினர்களையும் ஸ்கேன் செய்தபோது, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் மூளையிலும் அதே வளையங்கள்! பரம்பரையாகவும் வருகிறது என்பது உறுதியானது. 1999இல் அதற்கான முதல் மரபணுவும் சிக்கியது.

இப்போ பிரச்சினை தலைகீழ். சுமார் 200 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம். பலருக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் தெரியவருது. மூளைத்தண்டுக்கு வெளியே இருந்து, இதுவரை ரத்தக்கசிவு ஏற்படாதவர்களுக்கு, அடுத்த 5 வருடங்களில் கசிவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் பெரும்பாலும் அறுவை செய்யாமல் கண்காணிப்போம். ஏற்கெனவே கசிந்திருந்தாலோ, மூளைத்தண்டில் இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ கணக்கு மாறும். அதை உங்க நரம்பியல் மருத்துவர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க.

இன்னொண்ணு. ரிப்போர்ட்டில் ஏ.வி.எம். என்று இருந்து டாக்டர் ஆஞ்சியோகிராம் கேட்டால், "அதான் எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே"ன்னு சண்டைக்குப் போகாதீங்க. எந்தக் குழாய் வழியா ரத்தம் உள்ளே வருது, எது வழியா வெளியே போகுதுன்னு நொடிக்கு நொடி துல்லியமாகப் பார்க்க மோனிஸ் காட்டிய வழிதான் இன்னமும் வேணும். கேவர்னோமாவுக்கு பெரும்பாலும் அது தேவைப்படாது.