வில் செய்த கை

நந்தமிழகத்து வரலாற்றில் வில் பெற்ற சிறப்பைப் பிற படைக்கருவிகள் பெற்றில. சேர வேந்தர் அதனையே தங்கொடியிற் பொறித்தனர். தனு, சாபம், கார்முகம், கோதண்டம், சிலை என அதற்குப் பெயர்கள் பல. அவற்றுட் சிலை யென்பது ஒரு மரத்தின் பெயர் என்றும், அம்மரத்தாற் செய்த வில்லுக்கு ஆகுபெயராயிற்று என்றும் உரைகாரர் கூறுவர். கௌடிலியரது அருத்தசாத்திரமும் பனை, மூங்கில், மரம், கொம்பு என்னும் நான்கினால் விற்கள் செய்யப்படும் என வகுத்துரைக்கின்றது. ஆகவே வில்லின் வரலாற்றை மரத்திலிருந்து தொடங்குதலே முறையாம்.

வேலூர் லாங் பஜாரில் வாழும் நம் குலத்தார் தம் மக்களைக் கோட்டையினுள் இருக்கும் அரசாங்க அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்று, அங்குள்ள நடுகற்களைக் காட்டுதல் நன்று. இவ்வட்டாரத்தை அடுத்த செங்கம் பகுதியிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்தன. அவை 1972-ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன. நிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்ட வீரர் ஒரு கையில் வில்லும் மறுகையிற் குறுவாளுமாக அவற்றில் நிற்கின்றனர். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வீரன் பெயரும் கல்லில் உள. அவ்வில்லைச் செய்த தச்சன் பெயரோ இல்லை.

அவன் தொழில் எளிதன்று. வெட்டிய மரத்தை உருளையாகவே உலர விடின் அது வெடிக்கும். ஆதலால் பச்சையாயிருக்கும்போதே ஆப்படித்து நார்வழியே பிளத்தல் வேண்டும். ஈரம் அறுப்புமுகத்தின் வழியே விரைந்து வெளிப்படுமாதலின், இரு முனைகளிலும் மெழுகோ அரக்கோ பூசுதல் வேண்டும். பின்னர் வாய்ச்சியால் வில்லின் உருவிற்கு ஏறத்தாழச் செதுக்கி, கனத்தைச் சிறிது மிகுதியாக விட்டு, நேரான கட்டையோடு சேர்த்துக் கட்டிக் காற்றோட்டமுள்ள நிழலில் வைப்பர். ஈரம் நூற்றுக்கு 30 பங்கிற்குக் குறைந்த பின்னரே மரம் சுருங்கவும் கோணவும் தொடங்கும். அக்கட்டு அக்கோணலைத் தடுக்கும். நூற்றுக்கு 10 பங்கு அளவில் அது வில்லுக்கு ஏற்றதாம். நாடோறும் நிறுத்துப் பார்க்க, எடை குறையாது நின்றால் உலர்ந்தது எனத் துணியலாம். ஈரமுள்ளபோதே வளைப்பின் மரம் வளைந்தவாறே நின்றுவிடும். அம்பை உந்தும் விசை அதற்கு இராது.

மேனாட்டிலும் இக்கலை தொன்மையுடையது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப்பனியில் ஐயாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட மனிதனுடல் ஒன்று வெளிப்பட்டது. அவனருகே முற்றுப்பெறாத வில்லொன்று, செதுக்கிய தழும்புகளோடு கிடந்தது. 1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் எடுக்கப்பட்டன. செய்தவர் எழுதி வையாதவற்றை, அவர் செய்த பொருள்களே அறிஞர்க்கு உரைத்தன. நம் நாட்டு வெப்பத்திலும் கறையானிலும் மரவில் அவ்வாறு நிலைப்பது அரிது. பொருளும் அழிந்து, பெயரும் எழுதப்படாதாயின், எஞ்சுவது அறிவொன்றே.

அவ்வறிவு இன்று முதியோர் நாவிலேயே உளது. இளைஞர் வேறு தொழில்களை நாடுதலை நாம் குறைகூறோம். காலத்தின் போக்கு அது. எனினும், எம்மரத்தை எம்மாதத்தில் வெட்டுவது, எத்துணை நாள் உலர்த்துவது, எவ்வொலி கேட்டு முற்றியது என அறிவது ஆகியவற்றைத் தந்தையரிடமும் பாட்டன்மாரிடமும் வினவி, அவர் பெயரோடு ஏட்டில் எழுதி நம் சங்கத்திற்கு அனுப்புமாறு விசுவகர்ம குலத்துச் செல்வர்களை வேண்டுகின்றோம். வீரனுக்குக் கல் நட்டனர் முன்னோர். வினைஞனுக்கு ஏடாவது எழுதுவோம்.