சுனில் சேத்ரிக்கு லண்டன் கதவு மூடியது ஏன்? முழு விவரம்

இந்தியாவுக்காக 95 சர்வதேச கோல் அடித்தவர் சுனில் சேத்ரி. ஆனா ஐரோப்பிய கிளப் எதிலும் முதல் அணிக்காக அவர் லீக் ஆட்டம் ஆடியதே இல்லை. என்ன காரணம்?

2009, லண்டன்: குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. அப்போதைய விதிப்படி, ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் வீரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்கணும். இந்தியா அதற்கு வெகு கீழே இருந்தது.

2010, அமெரிக்கா: கான்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் அணியில் சேர்ந்தார். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். எம்எல்எஸ் லீக்கில் ஒரு ஆட்டம்கூட கிடைக்கல.

2012, போர்ச்சுகல்: ஸ்போர்ட்டிங் கிளப்பின் 'பி' அணியில் வெறும் 3 ஆட்டங்கள். 2013-ல் சர்ச்சில் பிரதர்ஸுக்காக ஆட இந்தியா திரும்பினார். அந்த சீசனில் அந்த அணிதான் ஐ-லீக் சாம்பியன்.

இப்போ நிலைமை என்ன? பிரிட்டனில் இன்று புள்ளி முறை இருக்கு. அதிலும் நாட்டு அணியின் தரவரிசைக்கு மதிப்பு உண்டு. அதனால ஒரு இளம் ஃபார்வர்டு எவ்வளவு கோல் அடித்தாலும், இந்திய அணியும் மேலே ஏறினால்தான் அவருக்கு வழி எளிதாகும்.