இன்டீரியர் டிசைன் படிச்சிட்டு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிக்க முடியுமா? திருப்பூரில் காத்திருக்கும் வாய்ப்பு

திருப்பூரில் தைக்கப்படும் ஒரு டி-ஷர்ட் கப்பல் ஏறுவதற்கு முன், அதன் 'சாம்பிள்' பல முறை விமானம் ஏறிவிடும். கழுத்து அளவு அரை சென்டிமீட்டர் கூட, கலர் கொஞ்சம் மங்கல், பிரிண்ட் இன்னும் மேலே வரணும் என்று வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வரும். மாஸ்டர் மறுபடி பேட்டர்ன் வெட்டுவார், டெய்லர் மறுபடி தைப்பார், மெர்ச்சண்டைசர் மறுபடி கூரியர் அனுப்புவார். ஆர்டர் உறுதியாவதற்கு முன்பே நாட்களும் பணமும் கரைந்துவிடும்.

இந்தச் சுற்றைக் குறைப்பதுதான் டிசைன் சாஃப்ட்வேரின் வேலை. அதை உருவாக்க கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களால் மட்டும்தான் முடியுமா? இன்டீரியர் டிசைன் படித்த ஒருவரால் முடியாதா?

முடியும். ஆனால் எங்கே தொடங்குவது என்பது முக்கியம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50% வரி விதித்தபோது, திருப்பூர் கம்பெனிகள் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. துணி விலை, கூலி, சாயச் செலவு ஆகியவற்றை ஒரு அளவுக்கு மேல் குறைக்க முடியாது. வீணாகும் சாம்பிளையும் வீணாகும் நாளையும் குறைக்கலாம்.

இன்டீரியர் டிசைனுக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம்?

இன்டீரியர் டிசைன் மாணவர் முதலில் ஃப்ளோர் பிளான் வரைகிறார். அதை 3டி ஆக்குகிறார். சுவர், தரை, திரைச்சீலைக்கு மெட்டீரியல் பொருத்துகிறார். வெளிச்சம் விழுவதைக் காட்டுகிறார். கடைசியில் எவ்வளவு பிளைவுட், எவ்வளவு பெயின்ட், எவ்வளவு செலவு என்று அளவுப் பட்டியல் போடுகிறார்.

பனியன் கம்பெனியிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். பேட்டர்ன் என்பது 2டி வரைபடம். அதை உடம்பில் பொருத்திப் பார்ப்பது 3டி. நூல், துணி, கலர் ஆகியவை மெட்டீரியல். பேட்டர்ன் துண்டுகளைத் துணியில் நெருக்கமாக அடுக்கிப் பார்ப்பது மார்க்கர். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி, என்ன விலை என்று கணக்கிடுவது காஸ்டிங். அறைக்குப் போடும் அளவுப் பட்டியலும் ஆடைக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டும் ஒரே கணக்கின் இரண்டு வடிவங்கள்.

ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. சுவர் இழுபடாது, பின்னல் துணி இழுபடும். துவைத்தால் சுருங்கும், சில நேரம் முறுக்கிக்கொள்ளும். அதனால் திரையில் ஒரு டி-ஷர்ட் உண்மையாகத் தெரிய வேண்டும் என்றால் படம் மட்டும் போதாது. துணியின் ஜிஎஸ்எம் எடை, தடிமன், எவ்வளவு நீளும், எவ்வளவு வளையும் என்பதையெல்லாம் அளந்து கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே சாஃப்ட்வேர் இல்லையா?

இருக்கிறது. பிரான்ஸின் லெக்ட்ரா 1973-ல் தொடங்கியது. பேட்டர்ன், கட்டிங் துறையில் அதன் நீண்டகாலப் போட்டியாளரான அமெரிக்காவின் கெர்பர் டெக்னாலஜியை 2021-ல் வாங்கிவிட்டது. பிரவுஸ்வேர், தென்கொரியாவின் க்ளோ போன்றவை 3டி ஆடை வடிவமைப்பில் பெயர் பெற்றவை. ஆடைத் தொழிலிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரான ராம் சரீன், லாஸ் ஏஞ்சலிஸில் டுகாடெக் நிறுவனத்தை உருவாக்கினார். தொழிலை அறிந்தவர் சாஃப்ட்வேருக்கு வர முடியும் என்பதற்கு அவர் ஒரு உதாரணம்.

இவர்களோடு நேருக்கு நேர் மோதுவது புதிதாக வருபவருக்குச் சரிப்படாது. ஆனால் திருப்பூர் என்பது பெரிய ஏற்றுமதி கம்பெனிகள் மட்டுமல்ல. நிட்டிங், டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் என்று ஒவ்வொரு வேலையையும் தனித்தனி ஜாப்வொர்க் யூனிட்கள் செய்யும் ஊர் இது. பத்து இருபது மெஷின் வைத்திருப்பவருக்கு முழு 3டி ஸ்டுடியோ தேவையில்லை. மொபைலில் திறக்கக்கூடிய, தமிழில் புரியக்கூடிய, ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் கருவி அவருக்குப் போதும்.

எங்கே தொடங்கலாம்?

இன்டீரியர் டிசைன் படித்தவருக்கு முதல் கதவு பனியன் அல்ல. பக்கத்து ஊர்களான கரூரும் சென்னிமலையும்தான். கரூர் என்றால் திரைச்சீலை, பெட்ஷீட், மேசை விரிப்பு, சமையலறைத் துணிகள். சென்னிமலை என்றால் பெட்ஷீட், போர்வை. இவையெல்லாம் ஓர் அறைக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய பொருட்கள்.

ஒரு கரூர் ஏற்றுமதியாளர் புதிய திரைச்சீலை டிசைனை பையரிடம் காட்ட வேண்டும். தறியில் நெய்து, தைத்து, மாட்டி, போட்டோ எடுப்பதற்குப் பதிலாக, டிசைனை ஒரு 3டி அறையில் தொங்கவிட்டுக் காட்டினால்? வெளிச்சம், மடிப்பு, சுவர் நிறம் ஆகியவற்றைக் கையாள்வது இன்டீரியர் மாணவர் ஏற்கெனவே செய்யும் வேலை. இதில் கிடைக்கும் வாடிக்கையாளரும் அனுபவமும்தான், இழுபடும் பின்னல் துணி என்ற கடினமான இரண்டாவது கதவைத் திறக்கும் சாவி.

சின்னதாகத் தொடங்குவது பின்னடைவா?

இல்லை. ஆஸ்திரேலியாவின் மெலனி பெர்கின்ஸ் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது சக மாணவர்களுக்கு டிசைன் சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுத்தார். அடிப்படையைப் பழகவே அவர்கள் திணறுவதைப் பார்த்தார். உடனே உலகம் முழுவதற்கும் ஒரு கருவி செய்யப் போகவில்லை. 2007-ல் கிளிஃப் ஓப்ரெக்ட்டுடன் சேர்ந்து, பள்ளி ஆண்டு மலர்களை மட்டும் வடிவமைக்கும் ஃப்யூஷன் புக்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட முறை முதலீட்டாளர்களிடம் 'வேண்டாம்' என்ற பதிலைக் கேட்ட பிறகு, கூகுளில் பணியாற்றிய கேமரன் ஆடம்ஸ் இணை நிறுவனராகச் சேர, 2013-ல் கேன்வா வெளிவந்தது.

இன்டீரியர் மாணவர்களுக்குப் பழக்கமான ஸ்கெட்ச்அப்பும் இப்படித்தான். 3டி வரைவது கஷ்டமாக இருக்கக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு 2000-ல் ஒரு சிறிய அமெரிக்க நிறுவனம் அதை வெளியிட்டது. 2006-ல் கூகுள் அதை வாங்கியது. 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்திடம் போனது.

கோடிங் தெரியாதே, என்ன செய்வது?

கோடிங் தெரிந்த இணை நிறுவனரைச் சேர்ப்பது ஒரு வழி. ஃப்ரீலான்சரிடம் கொடுப்பது இன்னொரு வழி. பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இந்த இரண்டாவது வழிதான்.

இந்தியாவின் 1957 காப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு போலவே பாதுகாக்கப்படுகிறது. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய கோடு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது அப்படியல்ல. காசு கொடுத்துவிட்டதால் மட்டும் அது உங்களுடையது ஆகிவிடாது. உரிமையை மாற்றித் தருவதாக எழுத்தில், கையெழுத்தோடு ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 ஆண்டுகள் மட்டுமே என்று சட்டம் கருதும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. ஏற்றுமதி ஊரில் தொழில் செய்பவருக்கு இந்த இரண்டு வரிகள் ரொம்ப முக்கியம்.

பணம், வழிகாட்டல் எங்கே கிடைக்கும்?

• திருப்பூரில் நிஃப்ட்-டீ பின்னலாடை ஃபேஷன் கல்லூரியுடன் இணைந்து, மத்திய அரசின் அடல் இன்னோவேஷன் மிஷன் ஆதரவில் ஜவுளி, ஆடைத் துறைக்கான இன்குபேஷன் மையம் இயங்குகிறது.

• தமிழக அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்', டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை ஆதார நிதி தந்துள்ளது. பெண்கள் தலைமையிலான நிறுவனங்கள் உள்ளிட்ட சில பிரிவுகளுக்கு 15 லட்சம் வரை.

• 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் விதிப்படி, மாதிரியை உருவாக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நிறுவனம் பதிவாகி 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பங்கள் சுற்று சுற்றாகவே திறக்கப்படும். தொகையும் தகுதியும் மாறலாம் என்பதால், கடைசி அறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

எங்கே சறுக்கும்?

முதல் ஆபத்து சர்வீஸ் வலை. 'இந்த டிசைனை மட்டும் 3டி பண்ணிக் கொடுங்க' என்று ஆர்டர்கள் வரும், பணமும் வரும். ஆனால் அது ஸ்டுடியோவாகவே நின்றுவிடும், சாஃப்ட்வேர் ஆகாது. எல்லா ஆர்டரிலும் திரும்பத் திரும்ப வரும் வேலை எது என்று குறித்துவைத்தால், அதுதான் சாஃப்ட்வேராக வேண்டியது.

இரண்டாவது, கலர். மொபைல் திரையில் தெரியும் சிவப்பும் சாயப்பட்டறையின் லேப் டிப் சிவப்பும் ஒன்றல்ல. 'சாம்பிளே தேவையில்லை' என்று வாக்குக் கொடுத்தால் முதல் ஆர்டரிலேயே பெயர் கெட்டுவிடும். 'சாம்பிள் சுற்று குறையும்' என்பதுதான் நேர்மையான வாக்கு.

மூன்றாவது, ரகசியம். பையரின் டிசைன் இன்னொரு கம்பெனிக்குக் கசிந்தால் ஆர்டரே போய்விடும். யாருடைய கோப்பை யார் பார்க்கலாம் என்பது முதல் நாளே தீர்மானிக்கப்பட வேண்டும்.

நான்காவது, மாஸ்டர். முப்பது வருடம் கையால் பேட்டர்ன் வெட்டியவரை ஓரங்கட்டும் கருவி அந்த யூனிட்டில் நிலைக்காது. அவருடைய கணக்கை எளிதாக்கும் கருவிதான் நிலைக்கும்.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியது

படிப்பு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறையில் ஒரு கரூர் யூனிட்டிலோ திருப்பூர் சாம்பிளிங் பிரிவிலோ சில வாரங்கள் உட்கார்ந்து பாருங்கள். ஒரு சாம்பிள் எத்தனை முறை திரும்பி வருகிறது, எதற்காக வருகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் காரணம் அதிகமாக வருகிறதோ, அதுவே உங்கள் முதல் சாஃப்ட்வேர் தீர்க்க வேண்டிய பிரச்சினை.